நம் ஊர் ஏரியை நாம் அறிவோமா?

ஓசூர் வட்டாரத்தார் இயற்கையைக் காண விரும்பினால் பேருந்து ஏறுகின்றனர். இது கேலிக்காகக் கூறியதன்று. ஆய்வுக்காக நான் செல்லும் சங்கங்கள் சிலவற்றின் செலவுச் சீட்டுகளே இதற்குச் சான்று. அங்கத்தினர் சுற்றுலா என்னும் இனத்தின்கீழ் உதகமண்டலம் இருக்கும், குடகு இருக்கும், மைசூரு மிருகக்காட்சிசாலை இருக்கும். விடியற்காலையில் புறப்பட்டு, வழியில் இரண்டு வேளை உண்டு, மலையுச்சியில் அரைமணி நேரம் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, நள்ளிரவில் ஊர் திரும்புவர். உழைப்பவர்க்கு ஓய்வும் மாற்றமும் வேண்டும். ஆதலால் இதில் குற்றம் காண நான் முன்வரவில்லை. ஆனால் அப்பேருந்து புறப்பட்ட ஐந்தாவது நிமிடத்தில் கடந்து செல்லும் உள்ளூர் ஏரியில் அன்று காலை எத்தகைய பறவைகள் இறங்கியிருந்தன என்று அதில் அமர்ந்திருந்த நாற்பது பேரில் ஒருவரைக் கேட்டாலும் விடை கிடைப்பதில்லை. இந்நிலை மாற வேண்டும் என்பதும், அதை மாற்றுவதில் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தனியானதொரு கடமை உண்டு என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

ஆலைகள் நிறைந்த ஊரில் இயற்கை ஏது என்று கேட்போர் உளர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூர் வளர்ந்த வேகம் யாவரும் அறிந்ததே. 2019-ஆம் ஆண்டில் அது மாநகராட்சியும் ஆயிற்று. சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர் என்று தொழிற்பேட்டைகள் நெடுஞ்சாலையை ஒட்டியே நீண்டு வந்திருக்கின்றன. ஆயினும், இவ்வூர் கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமியின் விளிம்பில் அமைந்திருக்கிறது. வடக்கே நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை இவ்வழியே தமிழகத்திற்குள் நுழைகிறது. மேற்கே, கருநாடகத்தின் பன்னர்கட்டா தேசியப் பூங்காவின் காடு தளி, ஜவளகிரி வனங்களோடு தொடர்ந்து, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காவிரிக் கரை வரையில் இறங்குகிறது. இக்காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014-ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் மேலும் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. அரசு இரண்டாவது அறிவிப்பின்போது வெளியிட்ட குறிப்பில் பாலூட்டிகள் 35 வகை, பறவைகள் 238 வகை எனக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது. ஆற்றில் நீர்நாயும் முதலையும் மென்னோட்டு ஆமையும், கரையோர நீர்மருத மரங்களில் நரைநிற மலையணிலும், புதர்க்காட்டில் நாற்கொம்பு மானும் வாழ்கின்றன. கைக்கடிகாரமும் மோட்டார் வாகனமும் செய்யும் ஊரிலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத்தில் இவையெல்லாம் இருக்கின்றன!

ஆங்கிலம் வாசிக்கும் உலகம் இக்காடுகளை நமக்கு முன்பே அறிந்திருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெங்களூருவில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது முதல் வேட்டை நூலிலேயே ஜவளகிரிப் பெண்புலியைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினார். அஞ்செட்டியும் குண்டாலமும் முத்தூரும் அவருடைய நூல்களின் வாயிலாக, அவ்வூர்களை ஒருநாளும் காணாதவர்களுக்கும் பழக்கமான பெயர்களாயின. வேட்டைக் கதைகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்று பிரிப்பது என் வேலையன்று. அயலூர் வாசகன் அறிந்த காட்டின் பெயரை அதே தாலுகாவில் பிறந்த நம் பிள்ளைகள் அறியாதிருப்பது மட்டும் எனக்கு நாணத்தைத் தருகிறது.

இவ்வளவு கூறியதைக் கொண்டு, அங்கத்தினர் அனைவரும் வார விடுமுறையில் காட்டுக்குள் புகவேண்டும் என்று நான் தூண்டுவதாக எவரும் எண்ணவேண்டாம். காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். யானை நடமாடும் இடங்களில் அது உயிருக்கும் கேடு. நான் கூறுவது வீட்டு வாசலிலிருந்து நடந்து சென்று திரும்பக்கூடிய இடங்களை. ஊர் ஏரி, களத்துமேட்டை அடுத்த பாறைக் குன்று, கோயில் தோப்பு, கால்வாய்க் கரை, சாலையோரத்தில் கோடரிக்குத் தப்பி நிற்கும் புளிய மரம், நமது மல்பெரித் தோட்டத்தின் வேலி ஆகிய இவையே. பாறைக் குன்று என்றால் ஜல்லிக்கும் பலகைக் கல்லுக்கும் ஆனது என்று மட்டுமே நமக்குத் தோன்றுகிறது. அக்குன்றின் திட்டிலே கூடு ஏதும் கட்டாமல் வெறும் தரையில் முட்டையிடும் கொம்பன் ஆந்தை, சுற்றுவட்டாரத்து நிலங்களின் எலிகளைத் தின்று வாழ்கிறது. இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதாக 2022-ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோதுதான், நம் குன்றுகளை நாடு திரும்பிப் பார்த்தது. ஆந்தைக்காக எவரும் சட்டமன்றத்தில் அறிக்கை படிக்கப் போவதில்லை. அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பறவையைப் பார்த்தால் பங்காதாயம் கூடுமா, ஐயா?" என்று நெசவாள அன்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. கூலிக்கும் நூல் விலைக்கும் இடையே நாளைக் கழிப்பவர் வேறெப்படிக் கேட்பார்? அவருக்கு நான் அன்று கூறிய விடையைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன். ஏனெனில், அது நெசவாளர்களைப் பற்றியது.

ராச்டேல் முன்னோடிகள் இருபத்தெண்மர் 1844-ஆம் ஆண்டில் கடை திறந்த வரலாற்றை நம் சங்கங்களில் கேளாதவர் இல்லை. ஆனால் அதே லங்காஷயர் நாட்டில், அக்கடை திறக்கப்படுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பிருந்தே, கைத்தறி நெசவாளர்கள் வேறொரு வகைச் சங்கங்களையும் நடத்தி வந்தனர். அவை தாவரவியல் சங்கங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சாவடி போன்றதொரு மதுவிடுதியில் கூடுவர். அவரவர் சுற்றித் திரிந்த வயல்களிலும் ஓடைகளிலும் பறித்துவந்த செடிகளை மேசைமீது குவிப்பர். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரை உரக்கக் கூற, மற்றவர் அதைக் கேட்டுப் பயில்வர். மாதந்தோறும் சிறு சந்தா வசூலித்து, தனியொருவரால் வாங்க இயலாத நூல்களைப் பொதுவில் வாங்கி, முறைவைத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். இதைக் கூட்டுறவு என்றல்லாமல் வேறென்னவென்று சொல்வது? பிரெஸ்ட்விச் என்னும் ஊரின் சங்கத்திற்குத் தலைவராக இருந்த ஜான் ஹார்ஸ்ஃபீல்டு (1792–1854) ஓர் ஏழைக் கைத்தறி நெசவாளர். லின்னேயஸ் வகுத்த தாவர வகுப்புகள் இருபத்து நான்கையும் ஒரு தாளில் எழுதித் தம் தறிக்காலில் குத்தி வைத்துக்கொண்டு, நாடா ஓடும்போதே அவற்றை மனப்பாடம் செய்தார். கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது அதே வகுப்புகளைத் தேர்வுக்காக உருப்போட்டுப் பின்னர் மறந்தவர்களுள் நானும் ஒருவன் என்பதால், அத்தறிக்காலை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அவர் வளர்த்தெடுத்த ஒரு வகை மலர் அவர் பெயராலேயே இன்றும் வழங்கப்படுகிறது. மான்செஸ்டர் வட்டாரத்துத் தொழிலாளரிடையே இத்தகையோர் இருந்ததை எலிசபெத் காஸ்கெல் அம்மையார் 1848-இல் வெளிவந்த தமது நாவலில் எழுதி வைத்திருக்கிறார்.

அவர்களுக்கு அதனால் கூலி உயரவில்லை; ஹார்ஸ்ஃபீல்டு வறுமையிலேயே வாழ்ந்தார். ஆயினும், சேர்ந்து கற்கவும், சந்தாவுக்குக் கணக்கு வைக்கவும், முறைப்படி கூட்டம் நடத்தவும் பழகிய உழைப்பாளர் இருந்த நாட்டில்தான் கூட்டுறவுக் கடை வேரூன்றியது. ராச்டேல் சங்கமும் பின்னர்த் தன் உபரியில் இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கென ஒதுக்கிற்று. நம் நாட்டுச் சட்டத்தில் கூட்டுறவுக் கல்வி நிதி இடம்பெற்றதற்கு அதுவே முன்மாதிரி.

நம் நெசவாளர்க்கும் இதில் உறவு இல்லாமலில்லை. மயிற்கண், குயிற்கண் என்று சேலைக் கரையில் நெய்கிறோம். குயிலின் கண் இரத்தச் சிவப்பு என்பதை வேப்பமரத்தில் நேரில் பார்த்தறிந்தவர் எத்தனை பேர்?

இனிப் பயிரிடுவோரிடம் வருகிறேன். அவர்களுக்கு இது வெறும் இன்பப் பொழுதுபோக்கு அன்று. வரவு செலவைச் சேர்ந்த விஷயம். 2008-ஆம் ஆண்டில் கோவையில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை மல்பெரி விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். மெக்சிகோ நாட்டுப் பக்கத்தைச் சேர்ந்த இப்பூச்சி இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, பருத்தி, மல்பெரி என்று பரவியது. உடலெங்கும் மெழுகுப் பொடி போர்த்திருப்பதால் அதன்மேல் மருந்து ஒட்டவில்லை. மல்பெரியில் வீரியமான மருந்தை அடித்தாலோ, அவ்விலையைத் தின்னும் பட்டுப்புழு மடிந்தது. இலையைப் பறிக்கவும் முடியாமல், புழுவைப் பட்டினி போடவும் முடியாமல், முட்டைத் தொகுதிகளையே வேண்டாம் என்று கூறிய குடும்பங்கள் உண்டு. 2010-ஆம் ஆண்டில், பெங்களூருவிலுள்ள மத்திய அரசின் பூச்சியியல் நிறுவனத்தார் அமெரிக்க ஆதரவுடன் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தனர். அவற்றுள் சிறப்பாக வேலை செய்தது ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாதது. தாய்க் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் பட்டு வளர்ச்சித் துறையினரும் அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட, சில மாதங்களுக்குள் மாவுப்பூச்சியின் பெருக்கம் அடங்கிற்று. கோடிக்கணக்கான ரூபாய் மருந்து சாதிக்காததைக் கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிர் சாதித்தது.

இவ்வரலாற்றில் என் கவனத்தை ஈர்ப்பது குளவி மட்டுமன்று. குளவியை விட்ட பின்பும், மாவுப்பூச்சி செத்ததா, 'மம்மி' என்று கூறப்படும் உப்பிய கூடாக மாறியதா என்று இலையைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த விவசாயி மருந்தடிப்பதை நிறுத்தினார். தெரியாதவர் மேலும் மருந்தடித்துத் தமக்கு உதவவந்த குளவியையே கொன்றார். பார்க்கத் தெரிவது என்பது ஒரு தொழில் அறிவு. புழு வளர்ப்பு மனைக்குள் நுழையும் ஊசி ஈயையும் வீட்டு ஈயையும் வேறுபடுத்தி அறிந்த அதே கண்கள், வேலியோரத்துப் பூச்சிகளையும் வேறுபடுத்தி அறியக்கூடியவையே. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு ஈக்களுடையது என்பதை அறிந்தால், பெங்களூரா மாங்காய் விளைவிப்போர் பூக்கும் பருவத்தில் கைத்தெளிப்பானை எடுப்பதற்கு முன் சற்று யோசிப்பர். கரிச்சான் அமர்வதற்குத் துவரைக் கொல்லையில் நான்கு கவைக்குச்சிகளை நட்டு வைப்பதற்கு என்ன செலவு? இவற்றையெல்லாம் கற்பிக்கத் துறைகள் இருக்கின்றன என்பது உண்மையே. ஆயினும், துறை அலுவலர் ஆண்டில் இரண்டு முறை வருவார். தோட்டத்திற்கு நாள்தோறும் செல்பவர் அங்கத்தினரே.

யானையைப் பற்றிக் கூறாமல் இவ்வட்டாரத்தைப் பற்றி எழுதுவது இயலாது. ஆண்டுதோறும் கேழ்வரகு கதிர் முற்றும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பன்னர்கட்டா பக்கமிருந்து கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கி, சானமாவு, இராயக்கோட்டை வரையில் பரவி, மாசி வாக்கில் திரும்புகின்றன. ஓர் இரவில் ஓராண்டின் உழைப்பு அழிகிறது; மனித உயிர்களும் போகின்றன. இழந்தவர்களிடம் சென்று யானையின் பெருமையைப் பேசுவதைப் போன்ற மூடத்தனம் வேறில்லை. ஆனால், யானை பகை கொண்டு வருவதாக எண்ணுவதும் தவறு. ஆராய்ச்சியாளர் ஆர். சுகுமார் சாமராஜநகர், சத்தியமங்கலம் காடுகளில் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1989-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கேழ்வரகு முதலான பயிர்களில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உப்புச் சத்தும் அப்பருவத்துக் காட்டுப் புல்லைக் காட்டிலும் மிகுதி என்பதும், கூட்டமாக வரும் பெண் யானைகளைவிடத் தனித்துத் திரியும் ஆண் யானைகளே அடிக்கடி பயிரில் இறங்குகின்றன என்பதும் அவர் கண்ட உண்மைகள். உண்ணிச்செடி படர்ந்து புல்லை அழித்துவிட்ட காட்டிலிருந்து, நாம் எருவிட்டு வளர்த்த புல்லுக்கு அது வருகிறது. கேழ்வரகும் ஒரு புல்லினமே அல்லவா? 1980களில் இவ்வட்டாரத்துக் காடுகளிலிருந்து யானைகள் கிழக்கே நகர்ந்து, சுமார் இரு நூற்றாண்டுகளாக யானையே காணாத ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் குடியேறின. அவற்றுக்கென 1990-இல் அங்கே கௌண்டின்யா சரணாலயம் ஏற்பட்டது. மூன்று மாநிலங்களின் எல்லைக் கற்களும் யானைக்குப் பொருட்டல்ல.

அறியாமையின் விலை இருபுறத்துக்கும் கொடிது. 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அடுத்த மாவட்டமான தருமபுரியில் மாரண்டஅள்ளிக்கு அருகே, பன்றிக்கென இழுத்த சட்டவிரோத மின்கம்பியில் பட்டு மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி நின்றன. கம்பி இழுத்த விவசாயி சிறை சென்றார். அவருக்கும் குடும்பம் உண்டு, கடன் உண்டு. அக்கடன் எந்தச் சங்கத்திலேனும் தவணை தவறிய கணக்காக நிற்கக்கூடும் என்று எண்ணும்போது, இது நம் துறைக்குப் புறம்பான செய்தி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. முதற்கூட்டம் எந்த வாரத்தில், எந்த ஓடை வழியாக வந்தது, எந்தக் கொல்லையில் முதலில் கதிர் முற்றிற்று, கம்பிவடத் தடுப்பு எங்கே அறுந்திருக்கிறது என்று பத்து ஆண்டுகளுக்கு எழுதி வைத்திருக்கும் ஊர், பதினோராவது ஆண்டில் காவலுக்கு ஆள் நிறுத்தும் இடத்தை அறியும். வனத்துறையிடம் பேசும்போது வெறுங்கையோடு நிற்காது. இழப்பீட்டு மனுவுக்கும் அது துணையாகும். வயதானவர்கள் நினைவில் இவையெல்லாம் இருக்கின்றன. நினைவு எழுத்தில் ஏறாமல் ஆளோடு போய்விடுகிறது.

தென்பெண்ணையின் நிலை வேறு. பெங்களூரு மாநகரின் கிழக்குப் பகுதிக் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் விழுந்து, அங்கிருந்து இந்த ஆற்றில் சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி 2017, 2018 ஆண்டுகளில் தீப்பற்றியே எரிந்த செய்தியை நாடு படித்தது. தண்ணீர் தீப்பிடித்த அதிசயத்தைப் பேசிக் களித்தவர்கள், அந்நீர் எங்கே செல்கிறது என்று கேட்கவில்லை. அது ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறக்கும்போது சலவைத்தூளின் கழிவு கடைபட்டு மலைபோல் நுரை எழுகிறது. அவ்வணையை நம்பிச் சுமார் 8,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. கீழே கிருஷ்ணகிரி அணையும் அதன் பாசனமும் இருக்கின்றன. இங்கு ஆய்வுக்கூடம் வைத்து நீரைச் சோதிக்க நம்மால் ஆகாது. அதற்குரிய வாரியங்கள் இரு மாநிலத்திலும் உள்ளன. ஆனால், நீரில் எவ்வகை மீன் நின்றுபோயிற்று, தட்டான் எப்போது குறைந்தது, ஆகாயத்தாமரை எந்தக் கரைவரை வந்தது, முக்குளிப்பானும் நாமக்கோழியும் எந்த ஆண்டு முதல் இறங்கவில்லை என்று கரையில் உள்ளவனே கூறமுடியும். நுரை எழும் நாளில் மட்டும் செய்தியாளர் வருகிறார். மற்ற முந்நூறு நாட்களுக்குச் சாட்சி யார்?

இங்கேதான் என் தொழில் குறுக்கிடுகிறது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். நாடெங்கும் பல ஆண்டுகள் அது ஏட்டளவில் கிடந்தது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி இறுதிக்குள் முடிக்காவிட்டால் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தபின், நாட்டில் ஏராளமான பதிவேடுகள் மிக விரைவாக எழுதப்பட்டன. மார்ச்சு 31-ஆம் தேதி இரவில் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஓராண்டு ரொக்கப் புத்தகம் முழுவதையும் எழுதி முடிக்கும் செயலாளரை நான் பார்த்திருக்கிறேன். அப்புத்தகத்தில் கூட்டல் பிழை இராது, உண்மையும் இராது. நாள்தோறும் கடை மூடுமுன் எழுதப்படும் சிட்டாவில் மைக்கறை இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்கும். அதையே நான் நம்புவேன். ஏரிக்கும் வேண்டியது அத்தகைய சிட்டா. கணக்கு வைக்கும் பழக்கம் ஊரில் வேறெவரிடம் இருக்கிறது? பால் சங்கத்தில் நாளிருமுறை அளவெழுதும் கை, நூல் இருப்பைக் கிராம் கணக்கில் சரிபார்க்கும் கை, ஏரியில் இறங்கிய பறவையையும் எழுதட்டும்.

பெயர் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இது மும்மொழி வட்டாரம். நாம் மயில் என்பதை ஒரு வீட்டில் நவிலு என்பர், அடுத்த வீட்டில் நெமலி என்பர். அவரவர் வழங்கும் பெயரையே எழுதுக. புத்தகப் பெயரை யாரேனும் படித்த பிள்ளை பின்னர் எதிரே எழுதட்டும். மா. கிருஷ்ணன் என்னும் தமிழர் 1950-ஆம் ஆண்டு முதல் 1996-இல் மறையும் வரையில் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். புலியைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு, காக்கை, அணில், வெள்ளாடு என்று வீட்டைச் சுற்றியிருப்பனவற்றைப் பற்றியும் எழுதினார். அவ்வளவு எழுதத் தேவையான கருவி கண்ணும் பொறுமையுமே.

நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடியேற்றுகிறோம், பேச்சுப் போட்டி நடத்துகிறோம், மரக்கன்று நடுகிறோம். சென்ற ஆண்டு கன்று நட்ட குழியிலேயே இவ்வாண்டும் நடுவதைக் கண்டு நான் வாய் திறவாமல் நின்றதும் உண்டு. அந்த ஏழு நாட்களில் ஒருநாள் காலை, ஆறரை மணிக்கு, பெண்களும் பிள்ளைகளும் உட்பட அங்கத்தினர் அனைவரும் ஏரிக்கரையைச் சுற்றி நடக்கட்டும். பேச்சாளர் வேண்டாம், ஒலிபெருக்கி கூடவே கூடாது. வடக்கிலிருந்து தகைவிலான்களும் வாலாட்டிகளும் வந்து சேர்ந்திருக்கும் காலம் அது. ஏரி நிறைந்தும் இருக்கும். யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் மட்டும், முன்னதாக வனத்துறையிடம் விசாரித்துக்கொண்டு, நன்கு வெளிச்சம் வந்தபின் புறப்படுதல் நலம்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துப் பொங்கல் வருகிறது. 2015-ஆம் ஆண்டு முதல் தமிழகத்துப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறை நாட்களில் மாநிலம் முழுவதும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். எவரும் சேரலாம்; கட்டணமில்லை. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட வகைகளையும் எண்ணிக்கையையும் பதிந்து அனுப்பினால் போதும். இணையத்தில் அனுப்பும் வேலையைச் சங்கக் கணினியில் எழுத்தர் செய்துவிடலாம். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்ட எப்படியும் ஏரிக்குத்தான் போகிறோம்.

இதற்குப் பெரும் நிதி எதுவும் தேவையில்லை. நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம், இருநூறு பக்கக் கோடிட்ட நோட்டு ஒன்று. தேதி, நேரம், இடம், கண்டது, எண்ணிக்கை, கண்டவர் பெயர், குறிப்பு என ஏழு கட்டம் போடுக. நோட்டு செயலாளரின் பீரோவுக்குள் பூட்டப்படாமல், பால் ஊற்ற வருபவரும் பாவு வாங்க வருபவரும் எழுதும்படி வெளி மேசையில், நூல் கட்டிய பேனாவோடு இருக்கட்டும். ஆய்வுக்கு வரும்போது மற்ற புத்தகங்களோடு அதையும் எடுத்து வைக்குமாறு என் சரகத்துச் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதைச் சரிபார்க்க எனக்கு அதிகாரம் ஏதுமில்லை. படிக்க ஆவல் உண்டு.